மச்சானுக்கு, உன் பத்து ஆல்பங்கள் பற்றி

அன்புள்ள மச்சான்,

பட்டியல் கிடைத்தது. இசையின் போக்கை மாற்றிய பத்து ஆல்பங்கள் என்று தலைப்பெல்லாம் போட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை நம்பரும் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். பென்ஷன் வாங்கியும் உனக்குள் இருக்கிற வாத்தியார் இன்னும் வேலையை விடவில்லை. உன் மகளிடம் இதை அப்படியே கொடுத்துவிடாதே, நான் சொல்வதையும் கேட்டுவிட்டுக் கொடு.

வீட்டில் எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் வலிதான், மாடிப்படி என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. பெரியவனுக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது, பேரனை வீடியோவில்தான் பார்க்கிறோம். உன் தங்கச்சி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், சர்க்கரையைக் கவனிக்கச் சொன்னாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' முதல் இடத்தில் இருப்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அதற்கு நீ எழுதியிருக்கிற காரணம், 'அருமையான பாடல்கள்', அது போதாது மச்சான். அருமையான பாடல்கள் அவர்களுடைய முதல் ஆல்பத்திலும் இருந்தன. அந்த முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பாடி முடித்தார்கள், கடைசிப் பாட்டு வரும்போது லெனனுக்குத் தொண்டை போயே போய்விட்டது. 'பெப்பர்' அப்படி இல்லை. 1966 ஆகஸ்டோடு மேடைக் கச்சேரி போதும் என்று நிறுத்திவிட்டு நவம்பரில் ஸ்டூடியோவுக்குள் போனவர்கள், அடுத்த வருஷம் ஏப்ரல் வரை அதிலேயே கிடந்தார்கள். இத்தனைக்கும் கையில் இருந்தது நாலே டிராக் மெஷின், அதாவது நாலு வரிசை ஒலியைத்தான் தனித்தனியாகப் பதிய முடியும். நாலு டிராக்கும் நிறைந்ததும் அதை இன்னொரு மெஷினில் ஒன்றிரண்டு டிராக்காகச் சுருக்கி ஏற்றி, மிச்சம் கிடைத்த இடத்தில் மறுபடி வாசித்து, இப்படியே அடுக்கினார்கள். மேடையில் வாசித்துக் காட்டவே முடியாத பாட்டை இசைத்தட்டுக்காக மட்டுமே செய்யலாம், அதுவும் ஒரு வேலைதான் என்று உலகம் ஒத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஜார்ஜ் ஹாரிசன் நம் சிதாரையும் தில்ரூபாவையும் கொண்டுவந்து ஒரு பாட்டையே அதில் வைத்தார், மற்ற மூவரும் அந்தப் பாட்டில் வாசிக்கவே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு ஆல்பம் போக்கை மாற்றியது என்றால், ஸ்டூடியோவில் நேரம் யார் கையில் இருந்தது என்று பார். பாட்டெல்லாம் அப்புறம்.

'ரோஜா'வை நீ நாலாவதாகப் போட்டிருக்கிறாய். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டுப் பார். 1992 வரைக்கும் சென்னையில் பாட்டுப் பதிவு என்றால் பெரும்பாலும் கால்ஷீட் கணக்கு. வயலின்காரர்கள், தபேலா, பாடகர் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்க வேண்டும், யாராவது பிசகினால் மறுபடி முதலில் இருந்து. மதியத்துக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும். அந்த நெருக்கடிக்குள்ளேதான் இளையராஜா காலையில் நோட்ஸ் எழுதி அன்றைக்கே பதிவு செய்துகொண்டிருந்தார், அது வேறு ஜாதி மூளை, அதை யாரும் பழக முடியாது. ரஹ்மான் அவரிடமே கீபோர்டு வாசித்தவர், அப்புறம் விளம்பரங்களுக்கு இசை போட்டவர். கோடம்பாக்கத்தில் வீட்டோடு சொந்தமாக ஒரு ஸ்டூடியோ கட்டிக்கொண்டார், பஞ்சதன். அங்கே கால்ஷீட் கிடையாது. ராத்திரி முழுக்க ஒரு புல்லாங்குழலை வாசிக்கச் சொல்லி, அதில் பிடித்த துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 'சின்னச் சின்ன ஆசை'யைக் கேட்டபோது நமக்கு முதலில் பட்டது என்ன? ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, சுத்தமாக, நடுவில் காற்றோட்டத்தோடு கேட்டது. அந்த இடைவெளிதான் புதுசு. மெட்டு நல்ல மெட்டுதான், ஆனால் புரட்சி மெட்டில் இல்லை.

அந்த வருஷம் தேசிய விருதுக்கு 'தேவர் மக'னும் 'ரோஜா'வும் சரிசமமாக நின்று, பாலு மகேந்திராவின் ஓட்டில் 'ரோஜா' ஜெயித்தது உனக்கும் தெரிந்த கதை. நாம் இரண்டு பேரும் இதற்காக ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் விடிய விடியச் சண்டை போட்டோமே.

நம் ஊரில் 'ஆல்பம்' என்ற ஒன்றை நாம் ஒழுங்காகக் கேட்டதே இல்லை என்பதையும் உன் மகளிடம் சொல். ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிஷ கேசட்டைக் கொடுப்போம், ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் இன்னொரு படம். ஒரு படத்துக்கு அஞ்சு பாட்டுதான், பக்கத்தில் இடம் மிஞ்சும், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஒரு டி.எம்.எஸ். பாட்டை அதில் தள்ளிவிடுவார், பல்லவி முடிந்து சரணம் ஏறும்போது டேப் தீர்ந்து டக்கென்று நிற்கும். இன்றைக்கும் சில பாட்டை வானொலியில் கேட்டால் அந்த இடம் வந்ததும் என் காது நின்றுவிடுகிறது, அதற்கு மேலே வரிகள் இருப்பதே ஆச்சரியமாக இருக்கிறது. இப்படி வளர்ந்த நமக்கு, எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருப்பான் என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும். 'பில்லி ஜீன்' பாட்டை ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் 91 முறை மிக்ஸ் செய்தாராம் (பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது), கடைசியில் தட்டில் போனது இரண்டாவது மிக்ஸ். நேரம் கையில் இருந்தால் இப்படியும் ஆகும்.

என் வாதத்துக்கு எதிராக நீ வைக்க வேண்டிய சாட்சியையும் நானே கொடுத்துவிடுகிறேன். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', 1959. மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், அவ்வளவுதான் பதிவு. வாசிக்க வந்தவர்களிடம் முழு நோட்ஸ் கூட இல்லை, எந்த ஸ்கேலில் உலாவ வேண்டும் என்ற குறிப்பு மட்டும். நம் ஆலாபனை மாதிரி என்று வை. ஜாஸின் போக்கே மாறியது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் இப்படி ஒன்றுதான் இருக்கிறது, இதற்காக நான் கொடி இறக்க மாட்டேன்.

உன்மேல் எனக்கு உண்மையான கோபம் எங்கே என்றால், பத்தில் ஒன்றுகூட நம் மலேசியாவில் செய்தது இல்லை. கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு 'வல்லவ'னை எப்படியடா விட்டாய்? 2006-இல் வந்த தமிழ் ராப் ஆல்பம், யோகி பியும் நட்சத்ரா குழுவும் செய்தது. பொயட்டிக் அம்மோ குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ராப் பண்ணிக்கொண்டிருந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு தமிழில் இறங்கினார். அதற்கு முன்னால் தமிழில் ராப் என்றால் பெரும்பாலும் படத்தில் நடுவே வரும் வேடிக்கை, ஹீரோவின் நண்பன் கையை ஆட்டிக்கொண்டு நாலு வரி. இது முழு ஆல்பம், படம் இல்லை, ஹீரோ இல்லை. 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொள். 'நிழல்கள்' படத்து எஸ்.பி.பி. பாட்டின் மேல் கட்டியது. வாய்ப்புக் கிடைக்காத ஒரு இசைக்காரன் கனவு காணும் பாட்டு அது, அதையே தேர்ந்தெடுத்ததில் குறும்பும் இருக்கிறது, தைரியமும் இருக்கிறது. அந்த வருஷம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போன கார்களில் எல்லாம் அது அதிர்ந்துகொண்டிருந்ததே, நீதானே எழுதினாய் எனக்கு!

சென்னையிலிருந்து பாட்டு இங்கே வரும், நாம் கேட்போம், எழுபது எண்பது வருஷமாக அதுதான் நடந்தது. இது இங்கிருந்து அங்கே போனது. அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியைப் பாட வைத்தார்கள், பிறகு 'காலா' வரைக்கும் போனார். இன்றைக்குச் சென்னையில் ராப் பாடும் பையன்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடக் காலத்தில் 'வல்லவன்' கேட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம், நீ மறுத்தால் சண்டைக்குத் தயார்.

இன்னொன்று, என் ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை. ஆலிகேட்ஸ் இசைக்குழு. பினாங்கிலிருந்து கிளம்பிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் அண்ணன் தம்பி. ஆங்கிலப் பாட்டில் தொடங்கி, ஹாங்காங்கில் எல்லாம் வாசித்துவிட்டு, மலாய்ப் பாட்டுக்கு வந்தார்கள். எம். நசீர் மெட்டு, லோகநாதனின் குரல். 'சம்பைக்கான் சலாம் சிந்தா' போட்டால் என் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி இன்றைக்கும் கூடவே பாடுவார். அது தமிழ்ப் பாட்டு இல்லை, ஆகவே நம்மவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. மலாய்ப் பாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் சேர்க்கிறார்கள். 2007-இல் லோகநாதன் போனபோது நம் பக்கம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று எனக்கு ஒரு குறை.

ஆக, மகளுக்கு அனுப்பும்போது இரண்டை எடுத்துவிட்டு இந்த இரண்டைப் போடு. எதை எடுப்பது என்பது உன் பாடு, 'பெப்ப'ரிலும் 'ரோஜா'விலும் கை வைக்காதே.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்கார்ப் மால் சந்தைப் பக்கம் போவாய் அல்லவா, அங்கே பழைய தட்டு விற்கிறவர்களிடம் ஆலிகேட்ஸ் மலாய் எல்.பி. எதாவது இருக்கிறதா என்று பார். இங்கே லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தேடிப் பார்த்தாயிற்று, வெறும் உறைதான் கிடைக்கிறது. எண்பது வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கொடு, கீறல் இருந்தால் பரவாயில்லை, வளைந்திருந்தால் வேண்டாம். தைப்பூசத்துக்கு வரும்போது கொண்டுவா, ரயிலில் மேலே சாமான் தட்டில் போட்டுவிடாதே, மடியில் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்
ஜெலுத்தோங், பினாங்கு