துண்டு போட்ட இடம்

சேக்ரமெண்டோ
13 ஜூலை 2025

அன்புள்ள குமரேசா,

மடல் வந்தது. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே பகலில் தலை காட்ட முடியவில்லை. சாயங்காலம் டெல்டா காற்று வந்தால்தான் உயிர் வருகிறது. நம்ம நாகப்பட்டினத்துக் கடல்காற்றின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்.

உங்கள் ஊர்க் கால்பந்து டீமின், சிவப்பும் இல்லாத ரோஸும் இல்லாத அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு தொப்பையோடு போட்டோ அனுப்பியிருக்கிறாய். சரி. அதற்குக் கீழே "உங்க ஊருக்கு எப்படா டீம் வரும்?" என்று ஒரு கேள்வி எதற்கு? இந்த வருடம் உங்கள் ஆட்கள் அட்டவணையில் எங்கே கிடக்கிறார்கள் என்று நான் கேட்டேனா?

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அமெரிக்காவின் முதல் தட்டுக் கால்பந்து லீகான மேஜர் லீக் சாக்கரில் சேர 2017 ஜனவரியில் 12 ஊர்கள் மனுப் போட்டன. உன் செயிண்ட் லூயிஸும் அதில் உண்டு, என் சேக்ரமெண்டோவும் உண்டு. நுழைவுக் கட்டணம் 15 கோடி டாலர். பத்து வருடம் முன்னால் டொரண்டோ 1 கோடி கொடுத்து உள்ளே போயிருந்தது. நாகையில் நாம் எழுவர் போட்டிக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் வசூல் செய்து பேர் கொடுத்த மாதிரிதான், சைபர்கள்தான் கொஞ்சம் அதிகம்.

உங்கள் ஊர் அப்போது என்ன செய்தது என்று ஞாபகம் இருக்கிறதா? அந்த ஏப்ரலில் வாக்குச்சீட்டில் இரண்டு கேள்வி. ரயிலுக்கும் இன்னும் சில வேலைகளுக்கும் விற்பனை வரியை ஏற்றலாமா என்றதற்குச் சரி என்றார்கள். அதோடு கூடும் இன்னொரு வரியை ஸ்டேடியத்துக்குத் தரலாமா என்றதற்கு முடியாது என்றார்கள். உனக்கு அந்த ஓட்டே கிடையாது. நகரமும் கவுண்டியும் 1876லேயே பாகம் பிரித்துக்கொண்டுவிட்டதால், கவுண்டிப் பக்கத்துச் செஸ்டர்ஃபீல்டில் இருந்துகொண்டு நீ வேடிக்கைதான் பார்த்தாய். "போச்சுடா, ஜென்மத்துக்கும் டீம் வராது" என்று ராத்திரி எனக்குப் போன் போட்டுப் புலம்பினாயே! நானும் உங்கள் ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்றேன். இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஊர்ப் பணத்தில் கட்டிய டோம் ஸ்டேடியத்தை விட்டுவிட்டு உங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ராம்ஸ் 2016இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மூட்டை கட்டினார்கள். ஆட்டமே நடக்காத அந்த டோமின் கடனை அப்புறமும் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். சூடு கண்ட பூனை பாலைப் பார்த்துப் பயந்ததில் என்ன தப்பு?

சேக்ரமெண்டோ அப்படியா? நல்ல பிள்ளை. 2014இல் மூன்றாம் தட்டு லீகில் எங்கள் ரிபப்ளிக் அணி இறங்கிய முதல் வருடமே கோப்பை. ஸ்டேடியத்துக்கு இடம் ரெடி: டவுன்டவுனை ஒட்டி, சதர்ன் பசிபிக் ரயில் பட்டறை இருந்த ரெயில்யார்ட்ஸ். கூப்பிட்டபோதெல்லாம் சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓடுகிற ஜனம். 2017 டிசம்பரில் கடைசி நாலு ஊரில் ஒன்றாக நின்றோம். நாஷ்வில்லுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் சின்சினாட்டிக்கு. சரி, அடுத்தது நாம்தான் என்று பார்த்தால், 2019 ஜனவரியில் ஆஸ்டின்! அந்த 12 பேர் பட்டியலில் பேரே இல்லாத ஊர். கொலம்பஸ் அணியின் முதலாளி டீமையே அங்கே தூக்கிப்போகப் பார்த்தார். கொலம்பஸ் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், அரசும் வழக்குப் போட்டது. கடைசியில் அணி வேறு கைக்கு மாறி அங்கேயே தங்கியது, அவருக்கு ஆஸ்டினில் புது டீம். பந்தியில் வரிசையாகக் காத்திருந்தவனுக்கு இலை இல்லை, சமையற்கட்டு வழியாக வந்தவனுக்குப் பாயசம்.

அப்புறம் ஒரு வழியாக 2019 அக்டோபரில் எங்கள் பெயரைச் சொன்னார்கள். அன்றைக்கு நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து நழுவி டவுன்டவுனுக்குப் போனேன். என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், மெக்சிகோக்காரர், எழுபது இருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே என் தோளில் தட்டினார். அவருக்கு என் பெயர் தெரியாது, எனக்கு அவர் பெயர் தெரியாது. ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டோம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அப்படித்தான் நினைத்தேன். இடம் பிடித்தாயிற்று, இனி நிதானமாக ஏறலாம் என்று.

ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டியவர் ரான் பர்க்கிள் என்கிற கோடீஸ்வரர். 2021 பிப்ரவரியில், கொரோனாவால் கணக்கு ஒத்துவரவில்லை என்று கையை உதறிவிட்டார். அவ்வளவுதான். இடம், மேயர், ஜனம், காற்று எல்லாம் இங்கேயே இருந்தன. ஒரே ஒரு கையெழுத்துதான் போனது, அதோடு டீமும் போனது. மட்டை வைத்திருக்கிறவன்தான் கேப்டன் என்பது நமக்குத் தெருவிலேயே தெரிந்த விஷயம். அவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஆட்டம் முடிந்தது. ஊர்கள் போட்டி போடுகின்றன என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, அது பாதிப் பொய் குமரேசா. போட்டி போடுவது ஊர்கள், ஜெயிப்பது பணப்பை. ஐபிஎல்லில் லக்னோவை 7,090 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தபோது லக்னோக்காரர்களை யாரும் அழவைக்கவில்லை. ஏலம் என்று சொல்லி ஏலம் விட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓட்டுப் போட்டு மறுத்த உங்கள் ஊருக்கு என்ன ஆயிற்று? எண்டர்பிரைஸ் வாடகைக் கார் டெய்லர் குடும்பம் வந்தது. ஏறக்குறைய முழுக்கத் தங்கள் கைப்பணத்திலேயே, யூனியன் ஸ்டேஷன் பக்கத்தில் 22,500 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டினார்கள். 2023இல் இறங்கி முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி, வருடக் கடைசியில் மேற்குப் பிரிவில் முதலிடம். உங்கள் ஊருக்கு அது வரவேண்டியதுதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று கவிழ்த்த அமெரிக்க அணியில் ஐந்து பேர் செயிண்ட் லூயிஸ்காரர்கள். ஒருவர் தபால்காரர், கோல்கீப்பர் பிரேத வண்டி ஓட்டியவர். அப்படிப்பட்ட ஊர் 1996இல் லீக் ஆரம்பித்த நாளிலிருந்து வாசலில் நின்றதுதான் அநியாயம். வேண்டாம் என்று சொன்னதால்தான் வேறொருவர் சட்டைப்பையில் கை விட்டார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நாங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தோம்.

நாங்கள் உட்கார வேண்டிய சீட்டில் இப்போது சான் டியாகோ. கட்டணம் 50 கோடி டாலர். இந்த வருடம்தான் இறங்கினார்கள், அதற்குள் முன்வரிசை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை உன் டீம்காரர்களிடமும் சொல். 2022 ஜூலை 27, புதன்கிழமை. எல்லாத் தட்டு டீம்களும் மோதுகிற யூ.எஸ். ஓப்பன் கோப்பை அரையிறுதி. எதிரே ஸ்போர்ட்டிங் கான்சஸ் சிட்டி, மேஜர் லீக் டீம். எங்கள் மைதானம் இருக்கிற கால் எக்ஸ்போ திடலில் மாநிலக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வாரம். வண்டி நிறுத்த இடமில்லாமல் அரை மைல் நடந்தோம். ஒரு பக்கம் ராட்டினத்தில் பிள்ளைகள் அலறல், இன்னொரு பக்கம் எண்ணெயில் ஏதோ பொரிகிற வாசனை, நடுவில் தகர பெஞ்சுகள் அதிரும் எங்கள் சின்ன மைதானம். சான் ஹோசே, எல்.ஏ. கேலக்ஸி என்ற மேஜர் லீக் டீம்கள் இரண்டையும் ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. 120 நிமிடம் கோல் இல்லை. பெனால்டியில் 5-4. என் பையன் என் கையைப் பிடித்த இடம் மறுநாள் வரை சிவந்திருந்தது. இறுதி ஆட்டத்தில் ஆர்லாண்டோ எங்களை 3-0 என்று அடித்தது வேறு கதை. அடுத்த வருடம் அதே கான்சஸ் சிட்டி பிளேஆஃப் முதல் சுற்றிலேயே உங்களை என்ன செய்தது என்று நினைவுபடுத்த வேண்டுமா?

போன நவம்பரில் வில்டன் ராஞ்சேரியா என்கிற இங்குள்ள பழங்குடி மக்கள் ரிபப்ளிக்கில் பெரும்பங்கை வாங்கிவிட்டார்கள். அதே ரெயில்யார்ட்ஸில் சின்னதாக ஒரு ஸ்டேடியம் கட்டி, தேவைப்பட்டால் பிறகு பெரிதாக்கிக்கொள்ளும் யோசனை. மேஜர் லீக் வருமா என்று இப்போதெல்லாம் யாரும் ரொம்பக் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை, நீ கிளறினாய்.

செப்டம்பரில் வருகிறேன் என்றாயே, ஒரு சனிக்கிழமையைப் பார்த்து டிக்கெட் போடு. தங்கச்சியை அதிகம் நடக்கவிடாமல் வாசலுக்கே கூட்டிப்போகிறேன். 2019இல் வாங்கிய அந்தத் துண்டைக் கேட்டிருந்தாய். பத்திரமாகத்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் மாவு புளிப்பதில்லை என்று இவள் இட்லி மாவுப் பாத்திரத்தைச் சுற்றிவைக்க எடுத்துக்கொண்டாள். நன்றாகப் பொங்குகிறது.

உன்
சேகர்