நியூஜெர்சித் தமிழ் வாக்காளர்களுக்கு: ஜூன் மாதத்திலும் வாருங்கள்

அன்புள்ள நியூஜெர்சித் தமிழ் மக்களே,

வணக்கம். எடிசன், பிஸ்கடவே, பிளெயின்ஸ்பரோ, ஜெர்சி சிட்டி என்று மாநிலம் முழுக்க இருக்கிறோம். நம்மில் குடியுரிமை வாங்கி, வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்த்துவிட்டவர்களுக்கு இந்த மடல். நவம்பரில் நாம் தவறாமல் வாக்களிக்கிறோம். அதிபர் தேர்தல் என்றால் குடும்பத்தோடு போய்விட்டு வந்து வாட்ஸ்அப் குழுவில் படமும் போடுகிறோம். ரொம்ப நல்லது. ஆனால் ஜூன் மாதம் நடக்கும் பிரைமரிக்கு நம்மவர்கள் வருவதே அபூர்வம். நவம்பர் வாக்குச்சீட்டில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் தேர்தல் அதுதான். அதற்கும் வாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வாக்குச்சாவடிப் பணிக்குப் போகிறவன். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு. பாதி நேரம் கூடம் காலியாகத்தான் இருக்கும். ஒருமுறை நம் ஊர்க்காரர் ஒருவர் அலுவலகம் முடிந்து வந்தார். அவர் பெயரைத் திரையில் தேடினால் கட்சி சாராதவர் என்று காட்டியது. "எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். கேட்டே ஆக வேண்டும், சட்டம் அப்படி. வந்தவர் முகம் மாறிவிட்டது. என்னிடம் திரும்பி, தமிழில் மெதுவாக, "அப்போ நான் கட்சியில் சேர்ந்த மாதிரி ஆகிவிடுமா?" என்றார். பதிவேட்டில் அந்தக் கட்சி என்று வரும், வேண்டாமென்றால் பிறகு ஒரு படிவம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அதற்கு மேல் பேச எனக்கு அந்த இடத்தில் அனுமதி இல்லை. அவர் யோசித்தார், "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

ஊரில் கட்சி என்றால் உறுப்பினர் அட்டை, சந்தா, தலைவர், கரை வேட்டி. யாருக்கு சீட் என்பதைத் தலைமை முடிவு செய்யும். விருப்ப மனு கொடுக்கலாம், நேர்காணலுக்கும் போகலாம், ஆனால் கடைசியில் பட்டியல் மேலிருந்துதான் வரும். இங்கே அப்படிக் கிடையாது. ஜனநாயகக் கட்சியோ குடியரசுக் கட்சியோ, பதிவுப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டால் முடிந்தது. பணம் கிடையாது, உறுதிமொழி கிடையாது. நவம்பரில் அதே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அந்தக் குறிக்குக் கிடைக்கும் பலன், அந்தக் கட்சியின் வேட்பாளரை நிர்ணயிக்கும் வாக்கு உங்கள் கைக்கு வருவது. நியூஜெர்சியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கட்சி சாராதவர்களாகவே பட்டியலில் இருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில்தான் இருப்போம் என்று நினைக்கிறேன்.

நவம்பர் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். அதிபரை மொத்த வாக்கு எண்ணிக்கை தேர்ந்தெடுப்பதில்லை. 538 தேர்வாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 270 வேண்டும். நம் மாநிலத்துக்கு 14. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர எல்லா மாநிலங்களிலும், மாநில அளவில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அத்தனை தேர்வாளர்களும் போய்விடுவார்கள். அதனால்தான் 2000-இல் ஃபுளோரிடாவின் 537 வாக்குகள் நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்தன. 2016-இல் ஹிலரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றார். நியூஜெர்சியோ 1992 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிப் பக்கமே நின்றிருக்கிறது. 2024-இல் வித்தியாசம் 6 சதவீதப் புள்ளிகள் அளவுக்குக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் பெரிய கூட்டங்களும் விளம்பரச் செலவும் பென்சில்வேனியாவுக்கும் மிச்சிகனுக்கும்தான் போயின. "என் ஒரு ஓட்டு இங்கே என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த ஓட்டுக்குக் கனம் கூடும் இடம் பிரைமரி.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சி என்ற ஏற்பாடே இல்லை. கட்சிகள் தாமாக வளர்ந்தன, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நீண்ட காலம் பெரிய தலைகள் மாநாட்டு அறைகளில் உட்கார்ந்து செய்தன. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு மாநில பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே போலீஸ் இளைஞர்களை அடித்து நொறுக்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் கொதிப்பில்தான் விதிகள் மாறின. 1972-இலிருந்து பிரைமரிகளிலும், கட்சி வாக்காளர்கள் ஓரிடத்தில் கூடித் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டங்களிலும் சாதாரண வாக்காளர் போடும் வாக்குதான், வேட்பாளரை முடிவு செய்ய மாநாட்டுக்குப் போகும் பேராளர்களைப் பங்கிடுகிறது. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத வாக்கைத் தாண்டியவர்களுக்கு விகிதப்படி பேராளர்கள் கிடைப்பார்கள். குடியரசுக் கட்சியில் முதலிடம் பிடித்தவருக்கே எல்லாப் பேராளர்களையும் கொடுக்கும் மாநிலங்கள் பல உண்டு. இந்த உரிமை போராடிப் பெற்றது, வயதும் இன்னும் அறுபதாகவில்லை.

சரி, நியூஜெர்சி பிரைமரி ஜூனில் வருகிறதே, அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2024-இல் பைடனும் டிரம்ப்பும் மார்ச் 12 அன்றே தேவையான பேராளர்களைத் தாண்டிவிட்டார்கள். நாம் வாக்களித்தது ஜூன் 4-இல். 2008-இல் ஒருமுறை நம் மாநிலம் அதிபர் பிரைமரியைப் பிப்ரவரிக்கு முன்னால் கொண்டுவந்தது, பிறகு செலவைக் காரணம் காட்டி ஜூனுக்கே திருப்பிவிட்டது. இது சரியில்லை என்பதே என் எண்ணம். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்லுங்கள், நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அதே 2024-இல் என்ன நடந்தது? ஜூலை 21-இல் பைடன் விலகினார். அவருக்காகத் தேர்வான பேராளர்கள் ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையவழியில் வாக்களித்து கமலா ஹாரிஸை வேட்பாளர் ஆக்கினார்கள். 2020 தேர்தலுக்கான போட்டியிலிருந்து முதல் மாநிலம் வாக்களிக்கும் முன்பே, 2019 டிசம்பரில், விலகியவர் அவர். இந்த முறை பேராளர்கள் கை தூக்கியதால் மேடையேறினார். அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகக் கோயிலில் பூஜை நடந்ததைப் பற்றி நாம் பேசிக்கொண்டோம். முடிவெடுத்தவர்களில் நியூஜெர்சி ஜூனில் அனுப்பிய பேராளர்களும் உண்டு என்பதைப் பேசவில்லை. பிரைமரியில் ஒரு பெயருக்கு மட்டும் நாம் வாக்களிப்பதில்லை, நம் சார்பில் முடிவெடுக்கும் மனிதர்களையும் அனுப்புகிறோம்.

அதிபர் பெயருக்குக் கீழே இருப்பவர்களின் கதை இன்னும் முக்கியம். நியூயார்க்கில், பிராங்ஸும் குவீன்ஸும் சேர்ந்த 14-ஆம் தொகுதியில், 2018 ஜூனில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் சுமார் 4,000 வாக்கு வித்தியாசத்தில் ஜோ குரோலியைத் தோற்கடித்தார். குரோலி இருபது ஆண்டுகளாக உறுப்பினர், மக்களவையில் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவர். சுமார் 7 லட்சம் பேர் வாழும் தொகுதியில் அந்த பிரைமரியில் வாக்களித்தவர்கள் சுமார் 30,000 பேர். நவம்பர் தேர்தல் அதற்கப்புறம் வெறும் சடங்கு. குடியரசுக் கட்சியிலும் இதே கதைதான். 2014-இல் வெர்ஜீனியாவில் மக்களவைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டர், டேவ் பிராட் என்ற கல்லூரிப் பேராசிரியரிடம் பிரைமரியில் தோற்றார். வித்தியாசம் சுமார் 7,000. யாரை உங்களுக்குப் பிடிக்கும் என்பது உங்கள் விஷயம். எண்ணிக்கையைப் பாருங்கள். எடிசன் போன்ற ஊரில் நாமும் பிற இந்தியக் குடும்பங்களும் சேர்ந்து வந்தால் அசைக்கக்கூடிய எண்ணிக்கை அது.

நம் மாநிலத்தில் இது இப்போது முன்னைவிடச் சுலபம். காரணம், நம் வாக்குச்சீட்டே மாறியிருக்கிறது. பல பத்தாண்டுகளாக இங்கே 'கவுண்டி லைன்' என்று ஒன்று இருந்தது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. 21 கவுண்டிகளில் 19-இல் கவுண்டிக் கட்சி அமைப்பு ஆதரிக்கும் வேட்பாளர்கள் எல்லோரும், அதிபர் அல்லது செனட்டர் தொடங்கிக் கவுண்டி ஆணையர் வரை, ஒரே வரிசையில் பளிச்சென்று நிற்பார்கள். எதிர்த்து நிற்பவர் பெயர் எங்கோ ஓரத்தில், நடுவில் காலிக் கட்டங்களுக்கு அப்பால் கிடக்கும். அரசியல் வட்டாரத்தில் அந்த ஓரத்துக்கு சைபீரியா என்றே பெயர். லைனைக் கொடுப்பவர் கவுண்டித் தலைவர் என்பதால் அவர் தயவில்லாமல் யாரும் ஜெயிப்பது அரிது. மேலிருந்து வரும் பட்டியலைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகவே தோன்றியிருக்காது.

அதை உடைத்தவர் கொரியப் பெற்றோரின் மகன் ஆண்டி கிம். 2023 செப்டம்பரில் செனட்டர் மெனென்டெஸ் மீது குற்றப்பத்திரிகை வந்த மறுநாளே, யார் அனுமதியும் கேட்காமல், அந்தப் பதவிக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். அப்போதைய ஆளுநரின் மனைவி டாமி மர்ஃபியும் போட்டியில் இருந்தார், அவருக்குப் பெரிய கவுண்டிகளின் லைன் வரிசையாகக் கிடைத்தது. கிம் வாக்குச்சீட்டையே எதிர்த்து வழக்குப் போட்டார். 2024 மார்ச்சில் மர்ஃபி விலகினார். சில நாட்களில், மார்ச் 29 அன்று, ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு லைன் கூடாது என்று கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட்டார். கிம் ஜெயித்து, கொரிய வம்சாவளியில் முதல் செனட்டர் ஆனார். 2025-இல் மாநிலம் சட்டமே போட்டு, பதவிவாரியாக எல்லாப் பெயர்களையும் ஒன்றாகப் போடும் சீட்டைக் கொண்டுவந்தது. அந்த ஜூனில் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர் மோதினார்கள், மிக்கி ஷெரில் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு வென்றார். இப்படிச் சிதறும் போட்டியில் சில ஆயிரம் பேர் சேர்ந்து வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், சிலரிடமாவது. பிரைமரிச் சீட்டின் அடியில் 'கவுண்டி கமிட்டி' என்று ஒரு பதவி இருக்கும். ஒவ்வொரு சிறு வாக்குப்பதிவு வட்டத்திலிருந்தும், அதாவது நம் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்த அளவு இடத்திலிருந்து, ஒவ்வொரு கட்சிக்கும் இருவர். சம்பளம் இல்லை. ஆனால் கவுண்டித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்கள். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் இடையில் விலகினால், மாற்று ஆளைக் கூடித் தேர்ந்தெடுப்பதும் அவருடைய கட்சியின் இந்த உறுப்பினர்களே. பல வட்டங்களில் போட்டி இல்லை, சிலவற்றில் நிற்கவே ஆளில்லை. தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து நூற்றுக்கணக்கானவர்களைத் திரட்டத் தெரிந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர்! அவர்களால் இந்தப் பதவிக்கான வேட்புமனுவுக்குச் சில தெருக்களில் கையெழுத்து வாங்க முடியாதா?

தயக்கங்கள் தெரியும். "கட்சிப் பெயர் பதிவானால் வேலையில் பிரச்சினை வருமா?" என்று கேட்கிறார்கள். எந்தக் கட்சி என்பது பொதுப் பதிவுதான், மறைக்கவில்லை. ஆனால் உள்ளே யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் கட்சி குறித்துப் பதிந்திருக்கிறார்கள், அலுவலகத்தில் உங்கள் பக்கத்து மேசைக்காரரும் அப்படி இருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். கட்சி சாராதவர் என்றால் பிரைமரி நாளில் நேரில் போய் அங்கேயே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் 55 நாட்களுக்கு முன்பே படிவம் கொடுத்தாக வேண்டும். மே மாதத்தில் நினைவு வந்தால் பயனில்லை. பட்டியலிலேயே பெயர் இல்லாதவர்கள் 21 நாட்களுக்கு முன் பதிய வேண்டும். நவம்பருக்குள் 18 வயது முடியப்போகும் 17 வயதுப் பிள்ளைகளும் 2026 முதல் இங்கே பிரைமரியில் வாக்களிக்கலாம். அவர்களை அழைத்து வாருங்கள், அவர்களுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். கிரீன் கார்டில் இருக்கும் பெற்றோரையோ, எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளையோ எந்தப் பதிவுப் படிவத்திலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம்.

குடியுரிமை வாங்கிவிட்ட அப்பா அம்மாவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆங்கிலம் படிக்கச் சிரமம் என்றால் உதவிக்கு ஒருவரை வாக்குப்பதிவு இடத்துக்குள் கூட்டிப்போகக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. வேலை கொடுத்தவராகவோ தொழிற்சங்கத்துக்காரராகவோ இல்லாமல் மகனோ மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும் சரி. மேசையில் சொல்லுங்கள், எழுதிக்கொண்டு இருவரையும் உள்ளே விடுவோம்.

அன்புடன்,
மிடில்செக்ஸ் கவுண்டியிலிருந்து உங்களில் ஒருவன்