சித்தாலேப டப்பியில் திருநீறு: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று அம்மம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடிந்தது. கடைசி மூன்று மாதம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள், கனடாவிலிருந்து அழைத்துக் கூடவே அழுதவர்கள், நடுச்சாமத்திலும் ஓடிவந்த ஓட்டோத் தம்பி, முப்பத்தொரு நாளும் மாறி மாறிச் சமைத்துத் தந்த கொழும்பு கொட்டாஞ்சேனை அயலவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மிச்ச இடம் ஒரு சகோதரிக்கு. மருதானையில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபை நடத்தும் முதியோர் இல்லத்தில்தான் அம்மம்மா கடைசியாக இருந்தார். சைவக் கிழவியை வேதக்காரர் இடத்தில் விடுகிறோமே என்று எனக்குள் ஓர் உறுத்தல். முதல் நாளே அந்தச் சகோதரி கேட்டார்: "முகம் கழுவினதும் அம்மம்மா என்ன செய்வா?" திருநீறு பூசுவார் என்று சொல்லி, பழைய சித்தாலேப வலித்தைல டப்பி ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பூசிவிடும்போது, விபூதிப் புதன் பழக்கத்தில் அவருடைய பெருவிரல் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டது. "மூண்டு விரல், பிள்ளை" என்றாராம் அம்மம்மா. அதற்குப் பிறகு முக்குறி ஒரு நாளும் தவறவில்லை.

டப்பி தீர்ந்தபோது நான் வேலை விஷயமாகக் கண்டியில். சகோதரி எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரிசி, மரக்கறி என்று கடை கடையாகத் தர்மம் கேட்டுப் போவது அந்தச் சபையின் வழக்கம். அப்படிப் புறக்கோட்டைக்குப் போன அன்று, வெள்ளை உடுப்போடு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஐயரிடம் டப்பியை நீட்டியிருக்கிறார். பூக்கடை அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இந்த மடலில் பெயர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். அப்புறம்தான் அவர்களுடைய சபையைத் தொடங்கிய ழான் ஜூகானைப் பற்றி வாசித்தேன். 1839 குளிர்காலத்தில், பிரான்சில், கண் தெரியாத கிழவி ஒருவரைத் தன் கட்டிலில் கிடத்திவிட்டுத் தான் பரணில் போய்ப் படுத்தவர். கூடையோடு வீடு வீடாகக் கையேந்தியவர். 1845இல் பிரெஞ்சு அக்கடமியே பரிசு கொடுத்தது. பிறகு ஒரு குருவானவர், தானே நிறுவுநர் என்று சொல்லிக்கொண்டு அவரை ஓரங்கட்டிவிட்டார். கடைசி 27 வருடம் மடத்துக்குள்ளேயே போனது. கூட இருந்த இளம் சகோதரிகள் பலருக்கே அவர் யாரென்று தெரியாதாம். 1879இல் காலமானார். புனிதர் பட்டம் 2009இல். 130 வருடம்! எனக்குக் கோபம்தான் வந்தது. சகோதரியிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

அம்மம்மாவின் சாமான்களை எடுக்கப் போனபோது டப்பியை மட்டும் காணவில்லை. பக்கத்துக் கட்டில் ஆச்சி கேட்டாராம், சகோதரி கொடுத்துவிட்டாராம். சரி, இனி அதை நிரப்புவது என் பொறுப்பு. துடக்குக் கழிந்துவிட்டது, வருகிற வெள்ளி கோயிலுக்குப் போகலாம். இந்த முறை கொஞ்சம் பெரிய டப்பியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து பேத்தி