வடக்கே மோட்டார் ஹோமில் கிளம்புகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சமையலறையும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் வண்டியான மோட்டார் ஹோமில் குடும்பத்தோடு கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகான் வரை போய் வருவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் வண்டியை எடுத்தோம், மூன்று வாரத்தில் ஆர்க்டிக் கடலைப் பார்த்துத் திரும்பினோம் என்கிற தொனியில் அது எழுதப்பட்டிருந்ததால், எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் அதே மாதிரி ஜூலையில் கிளம்பலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், அதில் ஒரு குடும்பம் ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறது. கட்டாயம் போகட்டும். நானும் என் மனைவியும் அந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்கள், அதைப் போல ஒரு நிலத்தை வேறெங்கும் நாங்கள் பார்க்கவில்லை. எனக்குப் பயமெல்லாம் அந்த மூன்று வாரக் கணக்கைப் பற்றித்தான்.

தூரத்தை முதலில் பாருங்கள். டொராண்டோவிலிருந்து அலாஸ்கா நெடுஞ்சாலை தொடங்குகிற டாசன் கிரீக்குக்குப் போகவே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அங்கிருந்து வைட்ஹார்ஸ் 1,400, வைட்ஹார்ஸிலிருந்து, வடக்கே ஆர்க்டிக் பக்கம் போகும் டெம்ப்ஸ்டர் என்ற சரளைச் சாலை பிரியும் இடம் 500, டெம்ப்ஸ்டரில் இனுவிக் வரை 740, அப்புறம் 2017 நவம்பரில் திறந்த புதுச் சாலையில் கடற்கரை ஊரான டக்டோயாக்டக் வரை இன்னொரு 140. போகவர 13,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 21 நாளில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாள்கூட நிற்காமல் தினம் 650 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், அதுவும் 25 அடி வண்டியை. பெட்ரோல் நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்று வைத்தாலும் 3,400 லிட்டர் ஆகிறது. மூன்று வாரம்தான் லீவு என்றால் விமானத்தில் வைட்ஹார்ஸ் போய் அங்கே வண்டி எடுங்கள், தயவுசெய்து.

வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். டெம்ப்ஸ்டர் போன்ற சரளைச் சாலைகளில் ஓட்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன, மீறினால் காப்பீடு செல்லாது. டெம்ப்ஸ்டரின் நடுவழியில் இருக்கும் ஈகிள் ப்ளெய்ன்ஸில் ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். பின் டயர் கிழிந்து நிற்கிறார்கள், வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்தால் எங்கே இருக்கிறீர்கள் என்ற முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாத நிலை. பிள்ளைகள் இரண்டும் ஒன்றும் புரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தன.

டயர் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே பயணம் நிற்பது பெரும்பாலும் அதனால்தான். மோட்டார் ஹோம் வருடத்தில் பாதி நாள் ஓடாமல் நிற்கிற வண்டி, டயரின் பள்ளம் ஆழமாகவே இருக்கும், ரப்பர் மட்டும் உள்ளுக்குள் பழுதாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2318 என்றிருந்தால் 2018-ல் 23-ஆவது வாரம். ஆறேழு வருடம் தாண்டியதை வடக்கே கொண்டுபோகாதீர்கள். உபரிச் சக்கரம் இல்லாமலே நிறைய வண்டிகள் வருகின்றன, ரிம்மோடு ஒன்று, முடிந்தால் இரண்டு, அதோடு வண்டியின் எடையைத் தூக்கக்கூடிய ஜாக்கி, நீளமான ஸ்பேனர் எல்லாம் வேண்டும். வீட்டு வாசலிலேயே ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது எடை. ஆறு பேர், தண்ணீர்த் தொட்டி நிறையத் தண்ணீர், இருபது கிலோ அரிசி மூட்டை, கிரைண்டர் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நாம். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. எவ்வளவு சுமை தாங்கும் என்பது வண்டியிலேயே ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, லாரிகள் நிற்கும் இடங்களில் இருக்கும் எடை மேடையில் ஒரு முறை எடை போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சுமை கூடிய வண்டியில் முதலில் சூடாவது டயர்தான். வைட்ஹார்ஸில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் இருக்கின்றன, அரிசியை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

டெம்ப்ஸ்டர் ஏன் இன்னும் தார் போடாத சாலையாக இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அடியில் இருப்பது உறைநிலம், அதாவது வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண். அது உருகினால் சாலை அமிழ்ந்துவிடும் என்பதால் உயரமாகச் சரளை மேடு கட்டி அதன் மேல்தான் வண்டியை விடுகிறார்கள். சில பகுதிகளில் அந்தக் கல் தகடு தகடாக உடைகிற ஜாதி, கத்தி மாதிரி முனை. மணிக்கு 50, 60-க்கு மேல் போகாமல், எதிரே லாரி வந்தால் ஓரமாக ஒதுங்கி, ஹெட்லைட்டைப் பகலிலும் எரியவிட்டு ஓட்டினால் கண்ணாடியும் டயரும் தப்பிக்கும். தூசி அடங்கத் தூவும் கால்சியம் குளோரைடு மழையில் வழுக்கும், வண்டியின் அடியில் சிமெண்ட் போல ஒட்டிக்கொள்ளும், ஊர் வந்ததும் கழுவிவிட வேண்டும். தார் போட்ட அலாஸ்கா நெடுஞ்சாலையிலும் டிஸ்ட்ரக்ஷன் பே என்ற ஊரிலிருந்து அலாஸ்கா எல்லை வரை இதே உறைநிலத்தால் சாலை அலை அலையாக மேடுபள்ளமாக இருக்கிறது, வேகமாக வந்தால் பின்பக்க அலமாரியில் இருப்பதெல்லாம் தரைக்கு வந்துவிடும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். டெம்ப்ஸ்டர் தொடங்கும் இடத்தில் டேங்கை நிரப்பிவிட்டால் அடுத்த பங்க் 369-ஆவது கிலோமீட்டரில், ஈகிள் ப்ளெய்ன்ஸில்தான். அப்புறம் பீல், மெக்கன்சி ஆறுகள் வரும். இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் வண்டியை ஏற்றிப்போகும் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் பனிப்பாதை, இடைப்பட்ட வாரங்களில் ஒன்றுமில்லை. கோடையிலும் வெள்ளம் வந்தாலோ மரங்கள் மிதந்து வந்தாலோ படகு நின்றுவிடும், இக்கரையில் காத்திருக்க வேண்டியதுதான். படகில் ஏறும் சரிவில் பின்பக்கம் நீண்ட வண்டிகள் தரையில் இடிக்கும், அங்கே வேலை செய்பவர் காட்டுகிற கோணத்திலேயே ஏறுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1910 டிசம்பரில் ஃபோர்ட் மெக்ஃபெர்சனிலிருந்து யூகானில் இருக்கும் டாசன் சிட்டிக்கு (டாசன் கிரீக் வேறு ஊர்) போலீஸ் இன்ஸ்பெக்டர் ஃபிட்ஸ்ஜெரால்டும் இன்னும் மூன்று பேரும் நாய் வண்டியில் கிளம்பினார்கள். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைத்துக்கொண்டார்கள், வழி காட்ட வந்த, அந்த மண்ணின் பழங்குடியான க்விச்சின் மனிதரையும் இடையிலேயே அனுப்பிவிட்டார்கள். பாதை தவறி, திரும்பி வரும் வழியில் நால்வரும் இறந்தார்கள். 1911 மார்ச்சில் அவர்கள் உடல்களைத் தேடிக் கண்டுபிடித்த டெம்ப்ஸ்டர் என்ற போலீஸ்காரர் பெயரைத்தான் இந்தச் சாலைக்கு வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு நமக்கு நாய் வண்டி இல்லை, ஹீட்டர் இருக்கிறது, சரி. ஆனால் உள்ளூர்க்காரர் இன்றைக்குப் போகாதே என்று சொல்லும்போது, ஹோட்டல் புக்கிங் போய்விடும் என்று கிளம்புகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். கையில் ஒரு வாரம் சும்மா வைத்திருந்தால் அந்தப் பேச்சே வராது.

காட்டுத்தீயும் அப்படித்தான். 2024 மே மாதத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலையில் இருக்கும் ஃபோர்ட் நெல்சன் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். ஜூலை, ஆகஸ்டில் சாலை எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வண்டிக்குள் குளிர் பற்றி: ஹீட்டர் ஓடுவது புரொப்பேனில் என்றாலும் அதன் விசிறிக்கு பேட்டரி வேண்டும். யூகான் அரசு முகாம்களில் விறகு கிடைக்கும், மின் இணைப்பு கிடையாது, குளிர் அதிகமான இரவில் பேட்டரி இறங்கினால் ஹீட்டரும் நின்றுவிடும். சோலார் பேனல் நல்ல துணை, ஜூனில் அங்கே வெயிலுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த வெயிலிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது, இனுவிக்கில் கோடையில் ஐம்பது நாளுக்கு மேல் சூரியன் மறைவதில்லை, இருட்டவில்லை என்று ஓட்டுநர் ராத்திரி ஒரு மணி வரை ஓட்டிக்கொண்டே இருப்பார், களைப்பு தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வைத்துக்கொண்டால் பிள்ளைகள் தூங்கும். கொசு வலையையும் கரடி ஸ்ப்ரேயையும் மறக்க வேண்டாம், மிச்சமான குழம்பை வெளியே கொட்டவே கூடாது.

விசா, காப்பீடு போன்ற தாள்கள் இன்னொரு ஆயத்தம். கனடாவில் நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பி.ஆர். கார்டு வைத்திருக்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அலாஸ்காவுக்குள் நுழைய அமெரிக்க விசா வேண்டும். பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்திருந்தால் அவர்களுக்கும் அப்படியே, அதோடு கனடாவுக்குள் திரும்பி வர அனுமதி இருக்கிறதா என்றும் முன்பே பார்க்க வேண்டும். டாசன் சிட்டி, இனுவிக், டக்டோயாக்டக் எல்லாம் கனடாவுக்குள்ளேயே இருப்பதால் விசா இல்லாதவர்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டை இருந்தாலும் வேறு மாநிலத்தில் ஆம்புலன்ஸ் செலவை அது ஏற்காது, டெம்ப்ஸ்டரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் விமானத்தில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பவே வேண்டாம். நீண்ட தூரத்துக்கு போன் சிக்னல் கிடையாது என்பதால் சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை எழுதிய நண்பர் எந்த வண்டியில், எந்த மாதத்தில் போனார், அவருடைய வாடகை ஒப்பந்தம் டெம்ப்ஸ்டரை அனுமதித்ததா, தினம் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதை அடுத்த இதழிலேயே எழுதச் சொல்லுங்கள். சாலை நிலவரம் சொல்லும் 511 யூகான் சேவையைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி போடலாம். ஜூலைக்கு வண்டி புக் செய்கிறவர்கள் இந்த மாதமே முன்பணம் கட்டிவிடுவார்கள், அதற்குள் வந்தால்தான் பயன்.

— வாசகர் ஒருவர், ஸ்கார்பரோ