பம்பாய்க்கு வந்த இன்னொரு ஒடெசாக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளேக் தடுப்பூசியைத் தந்த வால்டெமார் ஹாஃப்கின் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1897 ஜனவரியில் பம்பாயில் தான் தயாரித்த ஊசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்டது, 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் அந்த ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் ரண ஜன்னியால் இறந்தபோது பழி அவர் தலையில் விழுந்தது, அதிலிருந்து மீள அவர் பட்ட பாடு எல்லாம் நன்றாக எழுதப்பட்டிருந்தன. ஹாஃப்கின் உக்ரைனின் ஒடெசா நகரில் பிறந்தவர் என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. அதே 1897இல், அதே பம்பாய்க்கு, அதே ஒடெசாவில் படித்த இன்னொருவரும் பிளேக்கைத் தேடி வந்தார். டானிலோ ஸபோலோத்னி என்று பெயர். தமிழில் அவரைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை என் கண்ணில் பட்டதில்லை. சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

1866இல் உக்ரைனின் பொடோலியா பகுதியில் சொபொதார்க்கா என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்து, தாய்மாமன் ஆதரவில் படித்தார். ஒடெசா பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படிக்கும்போது மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறைக்கும் போனார். நுண்ணுயிரியல் அறிஞர்களான மெக்னிகோவும் கமலேயாவும் 1886இல் ஒடெசாவில் தொடங்கிய பாக்டீரியா ஆய்வு நிலையத்தில்தான் தொற்றுநோய் வேலையைக் கற்றார். அப்புறம் கீவ் நகருக்குப் போய் மருத்துவம் படித்தார்.

அங்கே மாணவராக இருந்தபோது, 1893இல், சாவ்சென்கோ என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் செய்த காரியத்தை நம் மருத்துவ மாணவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொல்லப்பட்ட காலராக் கிருமிகளை இருவரும் பல நாள் வாய்வழியாகக் குடித்தார்கள். பிறகு உயிருள்ள கிருமியையே குடித்தார்கள். இருவருக்கும் வாந்திபேதி வரவில்லை. ஊசி இல்லாமல், விழுங்குவதன் மூலமே காலராவுக்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க முடியும் என்று இப்படித் தங்கள் உடம்பிலேயே காட்டினார்கள். இந்தியாவில் 2009இல் அனுமதி பெற்ற ஷான்கால் என்ற காலரா சொட்டு மருந்து இதே வழியில் வேலை செய்கிறது. ஹாஃப்கினின் துணிச்சலைப் புகழும்போது இந்த இருவரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பம்பாய்க்கு அவர் வந்தது பேராசிரியர் விசொகோவிச் தலைமையிலான ரஷ்யக் குழுவில். அப்போது ஜெர்மனி, ஆஸ்திரியா என்று பல நாட்டுக் குழுக்களும் அங்கே இருந்தன. பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த யெர்சினும், நோய்க்கு எதிராகத் தான் தயாரித்த சீரம் என்ற ஊசி மருந்தோடு வந்திருந்தார். விசொகோவிச்சும் ஸபோலோத்னியும் குரங்குகளில் பிளேக்கை உண்டாக்கிப் பார்த்தார்கள், யெர்சினின் சீரம் எந்த அளவுக்குக் காப்பாற்றுகிறது என்று சோதித்தார்கள். அது உடனடித் தேவை. ஆனால் அதற்கு அப்பாலும் ஒரு கேள்வி ஸபோலோத்னியைப் பிடித்துக்கொண்டது. இந்த நோய் வருகிறது, ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்கிறது, அடங்குகிறது. அடங்கிய பிறகு எங்கே போகிறது? மறுபடி எங்கிருந்து கிளம்புகிறது?

இந்தக் கேள்வியின் அருமை எங்கள் கோவைப் பக்கத்து மனிதர்களுக்குப் புரியும். அதே கொள்ளை நோய்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கும் வந்தது. எலி செத்து விழ ஆரம்பித்தால் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுக்கொண்டு போவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் இன்றும் இருக்கின்றன. நோய் எப்போது திரும்பி வரும் என்று தெரியாத பயத்தோடுதான் அந்தத் தலைமுறை வாழ்ந்தது.

ஸபோலோத்னி 1898இல் கிழக்கு மங்கோலியாவுக்குப் போனார். ரயிலும் சாலையும் இல்லாத புல்வெளிகளில் பயணம் செய்தார். அங்கே தர்பகான் என்று ஒரு பிராணி உண்டு, வளை தோண்டி வாழும், அணில் இனத்தைச் சேர்ந்த பெரிய மர்மோட். நோய் கண்ட தர்பகானைத் தொடக் கூடாது என்பது அந்த மண்ணின் வேட்டைக்காரர்களுக்குப் பழைய பாடம். வேறு சில மருத்துவர்களும் அவருக்கு முன்பே அந்தப் பிராணியைச் சந்தேகித்திருந்தார்கள். ஸபோலோத்னி அதை ஒரு முழுக் கருத்தாக வளர்த்தார். பிளேக் காட்டுக் கொறிவிலங்குகளிடையே நிலையாகக் குடியிருக்கிறது, அவ்வப்போது அங்கிருந்து மனிதனிடம் தாவுகிறது என்றார். கையில் அத்தாட்சி இல்லாமல் பல ஆண்டுகள் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

1910 இலையுதிர் காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் வெடித்தது. தர்பகான் தோலுக்கு நல்ல விலை கிடைத்ததால், அந்தப் பிராணியைப் பற்றி எதுவும் தெரியாத வெளியூர்க் கூலியாட்கள் வேட்டைக்கு இறங்கினார்கள். கடுங்குளிரில் நெருக்கியடித்துக்கொண்டு தங்கிய விடுதிகளில் நோய் மூச்சு வழியாகப் பரவி, ரயில் பாதை ஓரமாகவே நகர்ந்தது. சுமார் 60,000 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர் பிழைப்பது மிக மிக அபூர்வம். சீன அரசின் சார்பில் போராடியவர் பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்டே. ஹார்பினில் ரஷ்யக் குழுவை நடத்தியவர் ஸபோலோத்னி. அவரோடு வேலை செய்த மருத்துவர்களும் மாணவர்களும் சிலர் அங்கேயே நோய் தொற்றி உயிரை விட்டார்கள். மமோன்தோவ் என்ற மருத்துவ மாணவர் அவர்களில் ஒருவர்.

1911 ஏப்ரலில் மஞ்சூரியாவின் முக்தேன் நகரில் நடந்த பன்னாட்டு பிளேக் மாநாட்டில் தன் கருத்தை வைத்துவிட்டு, அந்தக் கோடையிலேயே அவர் மறுபடி புல்வெளிக்குப் போனார். இசாயெவ் என்ற மாணவர் தள்ளாடி நடந்த ஒரு தர்பகானைப் பிடித்துக் கொண்டுவந்தார். அதன் உடலில் பிளேக் கிருமி இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவந்ததற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது.

இந்த இசாயெவ் யார் தெரியுமா? பிற்காலத்தில் மத்திய ஆசியாவின் புகாரா நகரில், குடிநீர் வழியே உடம்பில் புகும் புழுவால் வரும் நரம்புச் சிலந்தி நோயை அடியோடு ஒழித்தவர். 1931இல் அந்த வேலை முடிந்தது. குளத்துத் தண்ணீரில் இறங்கிக் குடம் மொள்ளும் ஊர்களில் அந்த நோய் என்ன பாடுபடுத்தியது என்பது எங்கள் துறையில் மூத்தவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் அது ஒழிந்துவிட்டது என்ற சான்று 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. ஒரு ஆசிரியரின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மாணவர்களை வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் சொன்னதோடு ஸபோலோத்னி நிற்கவில்லை. நோய் இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போனார். தானும் முன்னால் போனார்.

ஆசிரியர் என்ற வகையில் அவர் செய்தவை இன்னும் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் 1898 முதல் பாக்டீரியாவியல் துறையை உருவாக்கி நடத்தினார். பெண்கள் மருத்துவம் படிப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. 1920இல், உள்நாட்டுப் போரால் சிதைந்து கிடந்த ஒடெசாவில், தொற்றுநோயியலுக்கென்றே ஒரு தனித் துறையைத் தொடங்கினார். உலகிலேயே அதுதான் முதல் துறை என்று உக்ரைனில் பெருமையாகச் சொல்வார்கள். 1927இல் தொற்றுநோயியலின் அடிப்படைகள் பற்றி ஒரு பாடநூலும் எழுதினார். 1928இல் உக்ரைன் அறிவியல் கழகத்தின் தலைவரானார். அதே ஆண்டில் கீவ் நகரில் அவர் தொடங்கிய நுண்ணுயிரியல் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1929 டிசம்பரில் இறந்தபோது சொந்தக் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். கிராமத்தின் பெயரும் பிறகு ஸபோலோத்னே என்று மாறியது. அவரும் அவர் மனைவியும் ஆதரவற்ற பல குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள்.

பல நூல்களில் அவரை ரஷ்ய விஞ்ஞானி என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். அவர் காலத்தில் அந்த நிலம் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் பிறந்ததும் படித்ததும், கடைசியில் தன் நிறுவனத்தைக் கட்டியதும் உக்ரைனில். ஹாஃப்கினின் ஊரைச் சரியாகக் குறிப்பிட்ட உங்கள் இதழ் இவர் விஷயத்திலும் அந்தக் கவனத்தைக் காட்டும் என்று நம்புகிறேன்.

பழைய கதையை ஏன் இப்போது எடுக்கிறேன் என்று கேட்கலாம். இந்தியாவில் பிளேக் ஒழிந்தே போயிற்று என்று நாம் எல்லோரும் நம்பியிருந்தபோது, 1994இல் பீட் மாவட்டத்திலும் சூரத்திலும் அது தலைகாட்டியது. சூரத்தை விட்டு மக்கள் ரயில் ரயிலாக ஓடினார்கள். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் பகுதியில், கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்தில், மனிதருக்கு நோய் இல்லாத காலத்திலும் எலிகளைப் பிடித்து இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை நடந்துவந்திருக்கிறது. பெங்களூரில் இதற்கென்றே மத்திய அரசின் பிளேக் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. நம் பக்கத்தில் தர்பகானின் இடத்தில் இருப்பது வயல்வெளியில் வளை தோண்டும் வெள்ளெலி. நோயே இல்லாத ஊரில் எலி வளைகளை ஏன் தேடிப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பதிலை முதலில் தேடிக் கொடுத்தவர்களில் ஸபோலோத்னி முக்கியமானவர். எலி பிடித்துச் சோதிக்கும் ஊழியர்களின் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. தடுப்பூசியைக் கண்டுபிடித்தவரை நினைவில் வைத்திருக்கும் நாம், நோய் குடியிருக்கும் இடத்தைத் தேடிப் போனவரையும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஸபோலோத்னி பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். ஒடெசாவிலும், அவர் பிறந்த மண்ணான வின்னித்சியாவிலும் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பலர் 2022இல் போர் தொடங்கியபோது ஊர் திரும்பினார்கள். அந்த மொழியும் அந்த ஊர்களும் தெரிந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையே எழுதச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். விசொகோவிச்சும் ஸபோலோத்னியும் பம்பாயில் செய்த ஆய்வு 1897இல் பாஸ்டர் நிறுவனத்தின் பிரெஞ்சு ஆய்விதழில் வெளியானது. எழுதுபவர் அதிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
கோயம்புத்தூர்