2, 4, 8-க்கு அப்புறம் என்ன? வினாத்தாள் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ‘அடுத்து வரும் எண் எது?’ என்று பள்ளித் தேர்விலும் வேலைக்கான தேர்விலும் விடாமல் கேட்டு வருகிறீர்கள். அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் ஒரு பயிற்சித்தாளோடு வந்தாள். 2, 4, 8, கோடிட்ட இடம். அவள் 14 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்துவிட்டுப் பக்கத்தில் 16 என்று போட்டிருந்தார்கள். “முதலில் இரண்டைக் கூட்டினேன், அப்புறம் நாலு, அப்புறம் ஆறு. இதில் என்ன தப்பு சித்தப்பா?” என்றாள்.

தப்பே இல்லை. தாளில் ஒரு வட்டம் போட்டால் உள்ளே, வெளியே என்று 2 பகுதிகள். ஒன்றையொன்று வெட்டும்படி இரண்டு போட்டால் 4, மூன்று போட்டால் 8. நான்காவது வட்டத்தை எங்கே, எந்த அளவில் போட்டாலும் 14-க்கு மேல் போகாது.

சரி, 12 என்று எழுதியிருந்தால்? அதுவும் சரிதான். அதற்கு ஓர் அஞ்சல் உறை வேண்டும்.

உறையில் இரண்டு ஸ்டாம்புக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வகை ஸ்டாம்பு அச்சடிக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிடுவார்கள். ஒவ்வொன்றின் மதிப்பும் என்ன என்பது நம் விருப்பம். ஒன்றோ இரண்டோ ஒட்டி, 1 ரூபாயில் தொடங்கி இடையில் ஒன்றுகூட விடாமல் எவ்வளவு தூரம் போக முடியும்? ஒரே வகை என்றால் 1 ரூபாய் ஸ்டாம்பு. 2 வரை போகலாம். இரண்டு வகைக்கு 1, 2. அது 4 வரை. மூன்று வகைக்கு 1, 3, 4. அது 8 வரை. நான்கு வகைக்கு 1, 3, 5, 6 என்று வைத்தால் 12. அதற்கு மேல் யாராலும் போக முடியாது.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஐந்து வகைக்கு 1, 3, 5, 7, 8, விடை 16. ஆறு வகைக்கு 1, 3, 5, 7, 9, 10; விடை 20. ஒற்றைப்படை எண்களாக அடுக்கிக் கடைசியில் ஒரு இரட்டைப்படை. வழி பிடிபட்டுவிட்டது, நான்கு நான்காகக் கூடுகிறது, ஏழு வகைக்கு 24 என்று நானும் சத்தியம் செய்திருப்பேன். 1, 3, 5, 7, 9, 11, 12 என்ற அடுக்கு உண்மையிலேயே 24 வரை போகிறது. ஆனால் 1, 2, 5, 8, 11, 12, 13 என்று வைத்துப் பாருங்கள்: 26! பேனா எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை. உங்கள் தேர்வில் இந்த வரிசை வந்து ஒரு பிள்ளை 26 என்று எழுதினால் அதற்கு மதிப்பெண் கிடைக்குமா?

வரிசை அதன்பின் 32, 40, 46, 54, 64 என்று தன் போக்கில் போகிறது. இத்தனை வகை என்று சொன்னதும் விடையைத் தரும் சூத்திரம் இதற்கு இன்றுவரை கிடையாது. 1937-இல் ஹான்ஸ் ரோர்பாக் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் இதை ஆராய்ந்தார். வகைகள் மிக அதிகமானால், அவற்றின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, அதில் ஏறக்குறைய கால் பங்கு தூரம் போகலாம் என்று காட்டினார். அதுவே எல்லை என்றும் கருதினார். கால் பங்கையும் தாண்டி, ஏழில் இரண்டு பங்கு வரைக்கும் போகலாம் என்று 1979-இல் ம்ரோஸ் என்ற இன்னொரு கணிதவியலாளர் காட்டினார். உண்மையான எல்லை எது என்பது இன்னும் திறந்த கேள்வி.

இதையே திருப்பிப் போட்டு, வகை இரண்டுதான், ஒட்டும் இடம் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போகும் என்றால் 2, 4, 7, 10, 14, 18, 23, 28 என்று ஒழுங்காக வரும். அதற்குச் சூத்திரம் இருக்கிறது, கேள்வியாகவும் கேட்கலாம். ஒரே உறை, ஒரே ஸ்டாம்பு. ஒரு பக்கம் சாது, இன்னொரு பக்கம் முரட்டுக் காளை.

நீல் ஸ்லோன் என்ற கணிதவியலாளர் 1964-இல் மாணவராக இருந்தபோது இப்படிப்பட்ட வரிசைகளைச் சேர்க்கத் தொடங்கினார். இப்போது அது இணையத்தில் ஒரு பெரிய கலைக்களஞ்சியம். அதில் 2, 4, 8 என்று தட்டிப் பாருங்கள், பக்கம் பக்கமாக விடைகள் வந்து கொட்டும்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. விதியைச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் எண்ணோடு சேர்த்து ‘ஏன்’ என்று எழுத இரண்டு வரி இடம் விடுங்கள். திருத்துவதற்கு நேரம் பிடிக்கும், தெரியும். நானும் பத்து வருடம் விடைத்தாள் திருத்தியவன்தான்.

அண்ணன் மகளிடம் எட்டு வகைக்கு விடை 32 என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எந்த எட்டு மதிப்புகள் என்று சொல்லவில்லை. மூன்று நாளாகப் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கமெல்லாம் எண்களால் நிரம்பிக்கொண்டிருக்கிறது. நேற்று இரவு 30 வரை வந்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்