கோமதிக்கு, நிவேதாவின் மேல்படிப்பு விஷயமாக

அம்பத்தூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கோமதி,

வாட்ஸ்அப்பில் பதில் போட உட்கார்ந்து மூன்று தடவை அழித்துவிட்டேன். நிவேதாவின் அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன் கடிதத்தை நீ அனுப்பி ஆறு நாளாகிறது. நீல டிக்கைப் பார்த்துப் பார்த்து என்னைத் திட்டியிருப்பாய். கட்டைவிரலால் எழுதித் தீர்கிற சங்கதி இல்லை என்றுதான் பேப்பரை எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். ஹாஸ்டலில் என் நோட்டைப் பார்த்து எழுதின பழக்கத்தில் படித்துக்கொள்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடக்கிறாள். நடக்கிற நேரத்தைவிட பிசியோதெரபிப் பெண்ணைக் குறை சொல்கிற நேரம் அதிகம். உன் வீட்டுக்காரர் அச்சகத்தில் காலண்டர் சீசன் சூடுபிடித்திருக்கும், சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு இடம் கிடைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பல் மருத்துவம் முடித்து, இரண்டு வருஷம் கிளினிக்கில் நின்றுவிட்டு, "பிடுங்கிக்கொண்டே இருக்கிறேன் அத்தை, இந்த ஊரில் மட்டும் ஏன் இத்தனை பேருக்குப் பல் போகிறது என்று யாரும் பார்க்கவில்லையே" என்று போனில் கேட்டவள் அவள். அந்தக் கேள்வி வந்த ஆளை விடக்கூடாது. ஆனால் 48 லட்சம் கடன், அதற்கு அச்சகத்துக்குப் பின்னாலிருக்கும் இடத்தை அடமானம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் நின்றுவிட்டேன். எம்.பி.எச்., அதாவது பொதுச் சுகாதார மாஸ்டர்ஸ், நல்ல படிப்பா என்று கேட்டிருக்கிறாய். நல்ல படிப்புதான், சந்தேகமே வேண்டாம். அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள், பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதைத்தான் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசணும்.

அமெரிக்காவில் இந்தத் துறையில் ஒரு வினோதம் உண்டு. பிஎச்.டி.க்குச் சேர்ந்தால் பெரும்பாலும் ஃபீஸும் கிடையாது, மாதச் செலவுக்கும் கொடுப்பார்கள். எம்.பி.எச்.சுக்குச் சேர்ந்தால் நாம்தான் கட்டணும். அதை அவர்கள் நம்மூர் எம்.பி.ஏ. மாதிரி தொழிற்படிப்புக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், சில வகுப்புகளில் ஒரே பெஞ்சு. ஒருத்தி கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் இருப்பவள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வாங்குகிறவர்களிலும் இரண்டு ஜாதி. நான் 2004-ல் போனபோது என் அறைத்தோழியும் நானும் ஒரே துறையில் பிஎச்.டி. அவளுக்கு அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச்.சின் டிரெய்னிஷிப், படிக்கிறவர்களுக்கான பயிற்சி உதவித்தொகை. 1974-ல் போட்ட ஒரு சட்டத்தின் கீழ் வருகிற பணம் அது. டி-32 என்று ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒரு பெயர். அரசாங்கம் மாணவர் கையில் நேராகக் கொடுக்காது. பல்கலைக்கழகத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கும், ஆளைத் துறை பொறுக்கிக்கொள்ளும். அப்போது வருஷத்துக்கு 20,772 டாலர், மாதம் 1,731. (2024-ல் இது 28,224 ஆனது. வாடகை ஏறின கதையை நான் சொல்லவேண்டியதில்லை.) எனக்கு அது கிடையாது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் மட்டும்தான். மாணவர் விசாவில் வந்தவளைப் பெயரளவுக்குக்கூடப் பரிசீலிக்க முடியாது.

எனக்குச் சோறு போட்டது பேராசிரியர் வாங்கியிருந்த ஆராய்ச்சிக் கிராண்ட். வாரம் 20 மணி நேரம் அவருடைய டேட்டாவைச் சுத்தம் செய்யணும். அதற்கு ஃபீஸ் தள்ளுபடி, கைக்கு ஸ்டைபெண்ட். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவள் தனக்கு வேண்டியதைப் படிக்கக் காசு வாங்கினாள், நான் அவருக்கு வேண்டியதைச் செய்யக் காசு வாங்கினேன். மூன்றாம் வருஷம் கிராண்ட் புதுப்பிக்கப்படாமல் போனது. அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் புள்ளியியல் வகுப்புக்கு விடிய விடியப் பேப்பர் திருத்தினேன். அவரையும் குறை சொல்ல மாட்டேன், அவர் சம்பளத்திலேயே பாதி அந்தக் கிராண்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், "அங்கே போய் ஆர்.ஏ. வேலை பிடித்துக்கொள்வேன், கடன் பாதியாகிவிடும்" என்று நிவேதா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆர்.ஏ. என்பது நான் பார்த்த அந்த ஆராய்ச்சி உதவியாளர் வேலைதான், அதெல்லாம் இந்தக் கிராண்டுகளின் நிழலில் முளைப்பது. 2025-ல் என்.ஐ.எச். பல கிராண்டுகளை நடுவழியில் நிறுத்தியது, பயிற்சிக் கிராண்டுகளும் அதில் சேர்த்தி. சில இடங்களில் கொடுத்த பிஎச்.டி. இடத்தையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிஎச்.டி. பிள்ளைகளே அலைகிற வருஷத்தில் எம்.பி.எச். பெண்ணுக்கு எந்தப் பேராசிரியர் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்?

மாஸ்டர்ஸுக்கும் அரசாங்கம் காசு கொடுக்கிற மூலை ஒன்று உண்டு, தொழிலாளர் ஆரோக்கியம். 1970-ல் தொழிற்பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோதே, இந்த வேலைக்கு ஆள் தயார் செய்வதும் அரசின் பொறுப்பு என்று சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். அதற்கென்று நையோஷ் என்ற நிறுவனம், 1977 முதல் பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள். தூசு, சத்தம், ரசாயன வாடை இதையெல்லாம் அளக்கப் படிக்கிறவர்களுக்கு மாஸ்டர்ஸிலேயே ஃபீஸும் ஸ்டைபெண்டும் உண்டு. இதுவும் குடிமக்களுக்குத்தான், நிவேதாவுக்கு உதவாது. ஆனால் சிவகாசியில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? உன் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக மையும் தின்னரும் சுவாசிக்கிறார். பட்டாசு மருந்துக் கலவை அறையில் நிற்கிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தக் காற்றை அளக்கப் படித்த ஒரு ஆள் உங்கள் தெருவுக்கு வந்து நீ பார்த்திருக்கிறாயா? அங்கே சட்டத்தில் எழுதின ஒரு வரி ஐம்பது வருஷமாக ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் நையோஷ் ஊழியர்களில் பெரும்பாலோருக்கு நோட்டீஸ் கொடுத்து, அப்புறம் பலரைத் திரும்பக் கூப்பிட்ட கூத்தும் நடந்தது, அது வேறு கதை. போதும் புலம்பல்.

நிவேதாவிடம் நீ உடனே கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது. படிப்பு முடிந்ததும் எஃப்-1 மாணவர் விசாவில் ஒரு வருஷம் அங்கே வேலை பார்க்கலாம், ஓ.பி.டி. என்பார்கள். படிப்பு அவர்களுடைய ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம் கூடும். பட்டத்தை வெறும் பொதுச் சுகாதாரம் என்று பதிந்திருந்தால் அதன் அரசாங்கப் படிப்பு எண் 51.2201, அது பட்டியலில் இல்லை. எபிடெமியாலஜி, அதாவது தொற்றுநோயியல், என்று பதிந்திருந்தால் 26.1309, அது இருக்கிறது. ஒரே கல்லூரி, ஒரே ஃபீஸ். ஆனால் ஒருத்திக்குக் கடன் அடைக்க ஒரு வருஷம், இன்னொருத்திக்கு மூன்று. அட்மிஷன் கடிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன், நீ அனுப்பின பக்கங்களில் அந்த எண் இல்லை. மெயில் போட்டு எழுத்தில் வாங்கச் சொல். களப் பயிற்சி கட்டாயமா, அதற்குச் சம்பளம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும். கட்டாயமாகத்தான் இருக்கும். சம்பளம் பல இடங்களில் இருக்காது, வேறு ஊர் போனால் வாடகையும் இவள் கையிலிருந்து.

களப் பயிற்சி என்றதும் பக்கத்துத் தெரு ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறதே, அங்கே 2001 முதல் ஒரு இரண்டு வருஷப் படிப்பு நடக்கிறது. அதன் பாட்டன் அட்லாண்டாவில், அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யில் இருக்கிற பயிற்சி. 1951-ல், கொரியப் போர் சமயத்தில், கிருமி ஆயுத பயம் இருந்தபோது அலெக்சாண்டர் லாங்மூர் தொடங்கினது. இளம் டாக்டர்களுக்குச் சம்பளம் கொடுத்து, வகுப்பைச் சில வாரத்தில் முடித்து, மிச்ச நாளெல்லாம் நோய் பரவுகிற இடத்துக்கே துரத்திவிடுவது அவர் வழி. இங்கேயும் அப்படித்தான். அரசுப் பணியில் இருக்கிற டாக்டர் சம்பளத்தோடு வருவார், பெரும்பகுதி களத்தில். அப்படி ஒருவர் மஞ்சள்காமாலை பரவின ஊரில் வீடு வீடாகப் போய், வரைபடத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு புள்ளி வைத்து, எந்தக் குழாய்த் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனதை என்னிடம் விவரித்திருக்கிறார். புள்ளிகள் ஒரு குழாய்ப் பாதை ஓரமாகவே வரிசை கட்டின. கடைசியில் சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்த ஒரு இணைப்பு. "மேடம், அந்த ஒரு வாரத்தில் கற்றதை வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் கற்றிருக்க மாட்டேன்" என்றார்.

அந்தக் கதவு நிவேதாவுக்குத் திறக்காது. ஆனால் எம்.பி.எச். படிக்க நாடு தாண்டித்தான் ஆகணும் என்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் 1997-லேயே ஆரம்பித்துவிட்டது, பல் டாக்டர்களும் அங்கே படித்து வந்திருக்கிறார்கள். அதற்குமேல் பிஎச்.டி. என்று போனால், ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வில் தேறினவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

வெளிநாடுதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றால், நின்றால் என்ன, நிற்பாள், உன் பெண்தானே, ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமா என்று அந்தக் கல்லூரியைக் கேட்கட்டும். அதற்குள் இங்கே ஏதாவது ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து வெயிலில் நாலு கிராமம் நடக்கட்டும். லண்டன் பக்கம் போக பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப் முழுச் செலவும் ஏற்கும். அதற்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள், அது அவளிடம் இருக்கிறது. அமெரிக்கா போக ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப்பில் பொதுச் சுகாதாரமும் ஒரு பாடம். அவர்கள் மூன்று வருஷம் கேட்பார்கள், அந்தத் தள்ளிப்போட்ட வருஷம் அதற்கும் கணக்காகிவிடும்.

இரண்டுக்கும் முடித்தபின் ஊர் திரும்பி இரண்டு வருஷம் இருக்கணும் என்ற நிபந்தனை உண்டு. கேட்டதும் முகத்தைச் சுளிப்பாள். நானும் அந்த வயதில் சுளித்தேன். ஆனால் 48 லட்சத்துக்கும் நிபந்தனை இருக்கிறது கோமதி, அதைப் பேங்க்காரன் தாளில் அச்சடிக்க மாட்டான், அவ்வளவுதான். அந்தத் தவணையை ரூபாயில் சம்பாதித்துக் கட்ட முடியாது. அப்புறம் சிவகாசியில் யாருக்கு ஏன் பல் போகிறது என்று பார்க்க அவள் எப்போது வருவாள்?

நான் வேண்டாம் என்று சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே. பொதிகையில் ஏற்றி அனுப்பு, தாம்பரத்தில் நான் போய் அழைத்துக்கொள்கிறேன். இரண்டு நாள் இங்கே இருக்கட்டும். அட்மிஷன் பேப்பர் மொத்தமும் கொண்டுவரச் சொல், போட்டோவில் நாலாம் பக்கம் மங்கலாக இருக்கிறது. பேங்க்கில் கையெழுத்து மட்டும் அதுவரை போட வேண்டாம்.

அப்படியே அவள் கையில் ராகு காலம், எமகண்டம் பெரிய எழுத்தில் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்று கொடுத்துவிடு. போன வருஷம் நீ அனுப்பினதில் எழுத்து பொடிசு என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன்,
செல்வி